மெசேஜ் செயலி தேர்ந்தெடுக்கும் முன்: யார் கண்ணில் படக்கூடாது?

நான் 27 வருடம் திருகோணமலை மாவட்டத்தில் குடும்பநல உத்தியோகத்தராக இருந்தேன். அந்தப் பெயரைச் சொன்னால் பாதிப் பேருக்கு விளங்காது. "மிட்வைஃப் மிஸ்" என்றால் விளங்கும். பாலையூற்றில் தொடங்கி, கிண்ணியாவில் ஆறு வருடம் இருந்து, நிலாவெளிப் பக்கம் ஓய்வு பெற்றேன். 2009 இல் கிண்ணியாப் பாலம் திறக்கும்வரை பாதை ஏறித்தான், அதாவது ஆட்களை ஏற்றிக் கடக்கும் மிதவையில்தான், அக்கரைக்குப் போவோம். ஒரு தாய்க்குச் செய்தி சொல்ல வேண்டுமென்றால் நேரே போக வேண்டும், இல்லாவிட்டால் அந்தப் பக்கம் போகிற யாரிடமாவது சொல்லி அனுப்ப வேண்டும். சொல்லி அனுப்பினால் பாதையில் நின்ற அத்தனை பேருக்கும் சொன்ன மாதிரிதான்.

இப்போது எல்லாம் போனில். ஓய்வு பெற்ற பிறகும் பிள்ளைகள் என்னை விடுவதில்லை. "மிஸ், இந்த ரிப்போர்ட்டை ஒருக்கா பாருங்க" என்று அனுப்புவார்கள். அடுத்த நிமிடமே, "மிஸ், வட்ஸ்அப்பில அனுப்பினா வேற ஆரும் பார்ப்பாங்களா?" என்று கேட்பார்கள். இந்தக் கேள்விக்கு ஆளுக்கு ஆள் தனித்தனியாகப் பதில் சொல்லிச் சொல்லி, இப்போது ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். ரொறன்ரோவில் கணினி வேலை செய்யும் என் அக்காவின் மகன் பல இரவுகள் பொறுமையாக இருந்து எனக்கு விளங்கப்படுத்தியதும் இதில் உண்டு. கதைகளில் ஆளை அடையாளம் காட்டக்கூடிய விபரங்களை மாற்றியிருக்கிறேன்.

செயலியின் பெயரைப் பிறகு பார்க்கலாம். முதலில் ஒரு கடதாசியை எடுத்து, உங்கள் செய்தி யார் கண்ணில் படக்கூடாது என்று எழுதுங்கள். மாமியாரா, கணவரா, பள்ளிக்கூடம் போகும் மகனா, அலுவலகத்து மேலதிகாரியா, போன் திருத்தும் கடைக்காரரா, விளம்பரக் கம்பெனியா, அரசாங்கமா? ஒவ்வொருவருக்கும் மருந்து வேறு. இதை எழுதாமல் "எது நல்ல செயலி" என்று கேட்பது, என்ன வருத்தம் என்று சொல்லாமல் குளிசை கேட்பது போல.

நான் இதைக் கற்றுக்கொண்டது ஒரு பெண்ணுக்கு நான் செய்த பிழையால். மூன்று பிள்ளைகளின் தாய். நான்காவது வேண்டாம் என்று, வீட்டில் சொல்லாமல், மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் ஊசிக்கு வந்துகொண்டிருந்தாள். ஒரு தடவை நாள் தப்பிவிடப் போகிறதே என்ற அவசரத்தில், "நாளைக்கு ஊசி நாள், மறக்காமல் கிளினிக் வாங்க" என்று வட்ஸ்அப்பில் அனுப்பினேன். வட்ஸ்அப் செய்தி பூட்டித்தான் போகும், நடுவில் ஒருவரும் திறக்க முடியாது என்று எனக்குத் தெரியும். அது உண்மையும்கூட. ஆனால் அவளுடைய போன் அந்த நேரம் குசினி மேசையில் கிடந்தது. போனைத் திறக்காமலே மேல் திரையில் முழு வசனமும் வந்து நின்றது. வாசித்தது கணவர். அதற்குப் பிறகு அந்த வீட்டில் நடந்ததை நான் இங்கே எழுத மாட்டேன். உலகத்தின் எந்த ஒட்டுக்கேட்பாளனும் அவளைக் காட்டிக்கொடுக்கவில்லை. ஆறு சொல் முன்னோட்டம் காட்டிக்கொடுத்தது.

ஆகவே எந்தச் செயலியாக இருந்தாலும் முதல் வேலை இதுதான். போனின் செட்டிங்ஸில் நோட்டிபிகேஷன் பகுதிக்குப் போய், பூட்டிய திரையில் செய்தியின் உள்ளடக்கத்தைக் காட்டாதே என்று மாற்றுங்கள். சிக்னல் என்ற செயலியில் இன்னும் ஒரு படி போகலாம்: பெயரையும் காட்டாமல், செய்தி ஒன்று வந்திருக்கிறது என்று மட்டும் காட்டச் சொல்லலாம். இரண்டு நிமிட வேலை. பிறகு வட்ஸ்அப்பில் 'மீடியா விசிபிலிட்டி' என்பதை நிறுத்துங்கள். அது ஓடிக்கொண்டிருந்தால் உங்களுக்கு வரும் ஒவ்வொரு படமும் கேலரியில் போய் விழும். கேம் விளையாடப் போனை வாங்கும் மகன், கலியாண வீட்டுப் படத்தைத் தேடும்போது உங்கள் ஸ்கேன் ரிப்போர்ட்டையும் தள்ளிப் பார்ப்பான்.

நம்முடைய வீடுகளில் போன் ஒரு ஆளின் பொருள் இல்லை. அது வீட்டுச் சாமான். இதை மறந்து எழுதப்பட்ட எந்த அறிவுரையும் நமக்குப் பாதிதான் உதவும்.

பூட்டும் படலையும்

"எண்ட் டு எண்ட்" என்று சொல்கிறார்களே, அதன் பொருள் இவ்வளவுதான்: உங்கள் போனில் பூட்டப்படும் செய்தி, மற்றவரின் போனில்தான் திறக்கும். நடுவில் இருக்கும் கம்பெனியிடம் திறப்பு இல்லை. சாதாரண எஸ்எம்எஸ்ஸுக்கு இந்தப் பூட்டு கிடையாது. வட்ஸ்அப்பில் 2016 முதல் எல்லா அரட்டைக்கும், குழுக்களுக்கும், அழைப்புக்கும் இருக்கிறது. வைபரிலும் அதே வருடம் வந்தது. பேஸ்புக் மெசஞ்சர் 2023 டிசம்பரில்தான் தனிப்பட்ட செய்திகளுக்கு இதை வழமையாக்கத் தொடங்கியது.

ஆனால் பூட்டு மட்டும் போதாது. நான் வேலை செய்த காலத்தில் என் ஸ்கூட்டி ஒரு வீட்டுப் படலைக்கு முன்னால் நின்றால் போதும். உள்ளே நாங்கள் என்ன பேசினோம் என்று ஒருவருக்கும் கேட்காது. என்றாலும் அந்த ஒழுங்கை முழுவதற்கும் விஷயம் விளங்கிவிடும். கலியாணமாகி மூன்று மாதமான பெண்ணின் வீடு என்றால் ஒரு கதை. கணவர் வெளிநாட்டில் இருக்கும் பெண்ணின் வீடு என்றால் இன்னொரு கதை, அதுவும் பொல்லாத கதை. அதனால் சில வீடுகளுக்குப் போகும்போது இரண்டு வீடு தள்ளி, கடைக்கு முன்னால் ஸ்கூட்டியை விட்டுவிட்டு நடந்து போவேன்.

செயலியிலும் அப்படித்தான். என்ன பேசினீர்கள் என்று கம்பெனிக்குத் தெரியாது. ஆனால் யாரோடு, எப்போது, எத்தனை தரம் தொடர்பு என்பது படலையில் நிற்கும் ஸ்கூட்டி மாதிரி வெளியே தெரியும். வட்ஸ்அப்பை 2014 இல் பேஸ்புக் வாங்கியது. அந்தக் கம்பெனியின் இன்றைய பெயர் மெட்டா. உள்ளடக்கம் பூட்டியிருந்தாலும், உங்கள் எண், தொடர்புகள், எப்போது வருகிறீர்கள் போகிறீர்கள் போன்ற விபரங்களை அது சேர்க்கிறது. 2021 தொடக்கத்தில் தனியுரிமை விதிகளை மாற்றப் போகிறோம் என்று அது அறிவித்தபோது உலகம் முழுக்க ஆட்கள் வேறு செயலிகளுக்கு ஓடியது இதனால்தான்.

சிக்னல் இந்த இடத்தில்தான் வேறுபடுகிறது. அதை நடத்துவது இலாப நோக்கமற்ற ஒரு நிறுவனம். விளம்பரம் இல்லை. வட்ஸ்அப் பயன்படுத்தும் பூட்டு முறையை உருவாக்கியவர்களும் இவர்கள்தான். 2016 இல் அமெரிக்காவில் சட்டப்படி ஒரு பாவனையாளரின் விபரங்களைக் கேட்டபோது, அவர்களிடம் கொடுப்பதற்கு இருந்தவை இரண்டு திகதிகள் மட்டும்: கணக்குத் திறந்த நாள், கடைசியாகச் சேவையோடு இணைந்த நாள். யாரோடு பேசினார் என்ற பட்டியலே அவர்களிடம் இல்லை. ஸ்கூட்டி கடையடியில் நிற்கிறது.

அப்படியென்றால் எல்லாரும் சிக்னலுக்குப் போகலாமே?

நானும் அப்படித்தான் நினைத்தேன். என்னிடம் வரும் பெண்கள் 11 பேரின் போனில் நானே போட்டுக்கொடுத்தேன். மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் இரண்டு பேரிடம்தான் மிஞ்சியிருந்தது. காரணங்களைக் கேட்டேன். ஒருத்தி வட்ஸ்அப்பும் பேஸ்புக்கும் மட்டும் ஓடும் மலிவான டேட்டா பக்கேஜ் போடுகிறவள். அதில் சிக்னல் ஓடாது. இன்னொருத்தியின் போனில் இடமில்லை, பிள்ளையின் வீடியோ வேண்டுமா இது வேண்டுமா என்றால் எதை அழிப்பாள்? மற்றவள் சொன்னதுதான் என்னை யோசிக்க வைத்தது: "மிஸ், இது என்ன புதுசா ஒண்டு கிடக்கு, ஆரோட கதைக்க எண்டு கேக்கிறார்."

செயலி இருப்பதே கேள்வியாகிவிடுகிறது. வீட்டுக்குள் கண்காணிக்கப்படும் ஒரு பெண்ணுக்கு, ஊரில் எல்லாரிடமும் இருக்கும் வட்ஸ்அப்தான் சிக்னலைவிடப் பாதுகாப்பு. அங்கே ஆயிரம் செய்திகளுக்குள் என் செய்தியும் ஒன்று. அங்கேயே ஒழுங்காகச் சில வேலைகளைச் செய்துவிட்டால் போதும்: முன்னோட்டத்தை நிறுத்துவது, அந்த ஒரு அரட்டைக்கு மட்டும் செய்திகள் 24 மணித்தியாலத்தில் தானாக மறைய வைப்பது, படங்களை ஒருமுறை மட்டும் பார்க்கும்படி அனுப்புவது. அரட்டைப் பூட்டும் 2023 முதல் இருக்கிறது. ஆனால் விரலடையாளத்தை நம்பிப் பூட்டாதீர்கள். தூங்குகிறவளின் விரலை வைத்தும் திறக்கலாம். வட்ஸ்அப்பில் அந்தப் பூட்டுக்கென்று தனியாக ஒரு இரகசியக் குறியீடு வைக்கலாம். வைத்து, பூட்டிய அரட்டைகளை மறைக்கச் சொன்னால் அரட்டை பட்டியலிலேயே தெரியாது.

நானும் அந்த ஊசிக்காரப் பிள்ளைகளும் இன்னொன்றும் செய்தோம். "சட்டை தைத்து முடிந்தது, வந்து எடுங்க" என்று அனுப்பினால் ஊசி நாள். இதற்கு எந்தத் தொழில்நுட்பமும் தேவைப்படவில்லை.

எதிராளி வீட்டுக்குள் இல்லாமல் வெளியே இருக்கிறவர்களுக்கு என் பதில் மாறும். காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையைத் தேடும் தாய்மார், காணிப் பிரச்சினைக்காகக் குரல் கொடுப்பவர்கள், செய்தியாளர்கள், அவர்களோடு வேலை செய்கிறவர்கள் சிக்னல் போடுங்கள், தயங்காதீர்கள். சோதனைச் சாவடியில் பையைக் கொட்டிக் காட்டிவிட்டுக் கிளினிக் போன காலத்தில், தாய்மாரின் பெயர்ப் பட்டியல் இருந்த கொப்பியை நான் எத்தனை தரம் நெஞ்சோடு அணைத்திருக்கிறேன் என்று எனக்குத்தான் தெரியும். யார் யாரோடு என்ற பட்டியல்தான் ஆபத்தானது.

சிக்னல் போட்டதும் மூன்று காரியம் செய்யுங்கள். எல்லா அரட்டைக்கும் செய்திகள் மறைய ஒரு கால அளவு வையுங்கள். நான் ஒரு வாரம் வைத்திருக்கிறேன். பிரைவசி பகுதியில் உங்கள் எண்ணைக் கொண்டு யாரும் உங்களைக் கண்டுபிடிக்க முடியாதபடி மாற்றுங்கள். இல்லாவிட்டால் உங்கள் எண்ணை வைத்திருக்கும் தெரிந்தவர்களுக்கு நீங்கள் சிக்னலுக்கு வந்த விஷயம் தெரியவரும். 2024 முதல் பாவனையாளர் பெயர் ஒன்று வைத்துக்கொள்ளலாம். எண்ணைக் கொடுக்காமல் அந்தப் பெயரைக் கொடுத்தால் போதும். ஆனால் கணக்குத் திறக்க எண் வேண்டும், நம் நாட்டில் சிம் அடையாள அட்டையில்தான் பதியப்படுகிறது என்பதையும் மறக்க வேண்டாம். மூன்றாவது, பழைய செய்திகள் தேவைப்படுகிறவர் பேக்கப்பை நீங்களாகவே போட வேண்டும். சும்மா விட்டுவிட்டு, போன் டச்சுக்குடாக் கடலில் விழுந்தால் எல்லாம் போய்விடும். சிலருக்கு அது நட்டம், சிலருக்கு அதுவே நிம்மதி.

டெலிகிராம் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது இரகசியமானது என்று நம்பும் இளம் பிள்ளைகள் இங்கே நிறைய. அதில் சாதாரண அரட்டைகள் கம்பெனியின் கணினிகளில்தான் கிடக்கின்றன; இரு முனைப் பூட்டு இல்லை. 'சீக்ரட் சாட்' என்று நீங்களாகத் திறந்தால்தான் உண்டு, அதுவும் இரண்டு பேருக்கு இடையில் மட்டும். குழுக்களுக்கு அறவே இல்லை. 2024 செப்டம்பரில், சட்டப்படியான கோரிக்கைகளுக்கு எண்ணையும், இணைய இணைப்பை அடையாளம் காட்டும் ஐபி முகவரியையும் கொடுப்போம் என்று அவர்களே விதியை மாற்றினார்கள். ஏஎல் பாட நோட்ஸ் பகிர, பெரிய கோப்பு அனுப்ப, 200,000 பேர்வரை கொள்ளும் குழு நடத்த அது மிக நல்லது. மனதில் உள்ளதை எழுத அல்ல.

வைபர் வயதானவர்களுக்குப் பழக்கம், இருக்கட்டும். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளையின் முகம் பார்க்க இமோ வைத்திருப்பவர்களும் வைத்திருங்கள், அதில் ரிப்போர்ட் அனுப்பாதீர்கள். துபாயில் இருக்கும் என் தம்பியின் மகனுக்கு வட்ஸ்அப்பில் எழுதலாம், குரல் அழைப்பு எடுக்க முடியாது. அந்த நாட்டில் அது தடை. அதனால் அவனுக்காக என் போனில் பொட்டிம் என்ற அழைப்புச் செயலி இருக்கிறது. அதில் சாப்பிட்டாயா, உடம்பு எப்படி என்று மட்டும் கேட்பேன்.

நான் தொடங்கிய குழு

என் பகுதியின் கர்ப்பிணித் தாய்மாருக்காக ஒரு வட்ஸ்அப் குழு திறந்தேன். நல்ல எண்ணம்தான். கிளினிக் நாள், தடுப்பூசி நாள், டெங்குக் காலத்தில் செய்ய வேண்டியவை என்று போடுவேன். ஒரு வருடத்தில் 180 பேர். ஒரு மாலை, ஒரு பிள்ளை எனக்குத் தனியாக அனுப்ப வேண்டிய இரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டைக் குழுவில் போட்டுவிட்டாள். அவளுடைய மச்சாளும் அதே குழுவில். எல்லாருக்கும் அழிக்கும் வசதி வட்ஸ்அப்பில் உண்டு, அழித்தும்விட்டோம். ஆனால் பார்த்த கண்ணிலிருந்து அழிக்க முடியாது.

அடுத்த மாதம் இன்னொரு தொல்லை. குழுவில் யாருடைய எண்ணும் மற்ற எல்லாருக்கும் தெரியும் அல்லவா? யாரோ ஒருத்தியின் வீட்டு ஆண், அந்த எண்களை எடுத்துப் பெண்களுக்கு இரவில் செய்தி அனுப்பத் தொடங்கினான். அன்று இரவே குழுவை மூடினேன்.

அதற்குப் பதில் 'புரோட்காஸ்ட் லிஸ்ட்' வைத்தேன். ஒரே செய்தியை 256 பேர்வரை அனுப்பலாம். ஒவ்வொருவருக்கும் அது தனிச் செய்தியாகவே போகும், ஒருவரை ஒருவர் காண மாட்டார்கள், பதிலும் எனக்கு மட்டுமே வரும். உங்கள் எண்ணைத் தங்கள் போனில் சேமித்தவர்களுக்குத்தான் அது போகும் என்பதால், முதலில் கிளினிக்கில் வைத்தே எண்ணைச் சேமிக்கச் சொல்ல வேண்டும். டியூஷன் நடத்துகிறவர்கள், மாதர் சங்கம், மரண உதவிச் சங்கம், சீட்டுப் பிடிக்கிறவர்கள் எல்லாரையும் கேட்டுக்கொள்கிறேன்: பேச்சுவார்த்தை தேவையில்லாத அறிவித்தலுக்குக் குழு திறக்காதீர்கள். பெண்களின் எண்களை ஊருக்குக் கொடுத்துவிடுகிறீர்கள்.

யாரிடம் பேசுகிறீர்களோ அவருக்குத் தமிழ் டைப் பண்ண வருமா என்பதையும் பாருங்கள். என் தாய்மாரில் பாதிப் பேர் குரல் செய்திதான் அனுப்புவார்கள். அது வசதி. ஆனால் அந்தப் பக்கம் ஸ்பீக்கரில் போட்டு வீடே கேட்கும். அந்தரங்கமான விஷயமென்றால், "தனியா இருக்கும்போது கேளுங்க" என்று முதலில் ஒரு வரி எழுதி, பதில் வந்த பிறகுதான் குரலை அனுப்புவேன்.

நெட் நின்றால்

2018 மார்ச்சில், 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்புக்குப் பிறகு, 2022 ஏப்ரல் தொடக்கத்தில் என மூன்று தடவையாவது இந்த நாட்டில் வட்ஸ்அப்பும் வைபரும் நிறுத்தப்பட்டதைக் கண்டிருக்கிறோம். 2019 இல் எனக்கு மாதம் நிறைந்த தாய் ஒருத்தி இருந்தாள். அவளுடைய சாதாரண எண் என்னிடம் இருந்ததால் தப்பினோம். அவள் வட்ஸ்அப்புக்கு வைத்திருந்தது மகனின் பழைய சிம். ஆகவே முக்கியமான ஆட்களின் சாதாரண அழைப்பு எண்ணையும், பக்கத்து வீட்டு எண் ஒன்றையும் கொப்பியில் எழுதி வையுங்கள். தடை நேரத்தில், தடையைச் சுற்றிப் போக உதவும் விபிஎன் செயலியை யாரோ இலவசமாக அனுப்பினால் அவசரத்தில் போடாதீர்கள். உங்கள் போக்குவரத்து முழுக்க அதன் வழியாகத்தான் போகும், அதன் சொந்தக்காரர் யாரென்று உங்களுக்குத் தெரியாது.

எந்தச் செயலி என்று முடிவெடுத்த பிறகு, இன்று இரவே கையோடு செய்ய வேண்டியவை சில இருக்கின்றன. வட்ஸ்அப்பில் 'லிங்க்ட் டிவைசஸ்' என்ற இடத்தைத் திறந்து பாருங்கள். உங்களுடையதல்லாத கணினியோ போனோ அங்கே இருந்தால், யாரோ உங்கள் போனை ஒரு நிமிடம் வாங்கித் தன்னுடையதோடு இணைத்திருக்கிறார்கள், உடனே வெளியேற்றுங்கள். ஒரு பெண்ணின் போனில் இதை நான் என் கண்ணால் கண்டேன், எட்டு மாதமாக இணைந்திருந்தது. ஆனால் வன்முறை உள்ள வீடென்றால் வெளியேற்றும் முன் யோசியுங்கள். வெளியேற்றியது அந்தப் பக்கம் தெரியும். முதலில் ஒரு நம்பிக்கையான ஆளிடம் வேறு போனில் பேசுங்கள்.

இரண்டு படிச் சரிபார்ப்புக்கு ஆறு இலக்கப் பின் வையுங்கள். எஸ்எம்எஸ்ஸில் வரும் குறியீட்டை யார் கேட்டாலும், சொந்தத் தங்கை பேரில் கேட்டாலும், கொடுக்காதீர்கள். எங்கள் தெருவில் ஒரு அக்காவின் கணக்கு அப்படித்தான் போனது. அவர் பேரில் வெளிநாட்டுச் சொந்தங்களிடம் காசு கேட்டார்கள். வட்ஸ்அப் பேக்கப்பை கூகிள் டிரைவில் வைக்கிறீர்களா? அதற்கும் தனிப் பூட்டு 2021 முதல் இருக்கிறது, ஆனால் நீங்கள் போட்டால்தான் விழும். கடவுச்சொல்லைக் கொப்பியில் எழுதி அரிசி வாளிக்குக் கீழோ சாமியறையிலோ வையுங்கள். மறந்தால் வட்ஸ்அப்காரராலும் திறந்து தர முடியாது.

போனைத் திருத்தக் கொடுக்கும்போது பின்னைச் சொல்லிவிட்டு வராதீர்கள். திரை மாற்ற அது தேவையில்லை. கட்டாயம் வேண்டுமென்றால் பக்கத்தில் இருந்து பாருங்கள். கூட்டமாக இருந்தால் ஒரு பிளேன்டீ குடித்துக்கொண்டு இருங்கள், போனை எடுத்துக்கொண்டே வீட்டுக்குப் போங்கள்.